தீரன் சின்னமலை: வரிப்பணம் போன கோட்டையிலேயே தூக்கு ஏன்?

ஆடி மாசம் பிறந்தாலே கொங்குப் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு சின்னச் சண்டை கிளம்பும். தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டது ஜூலை 31-ஆ, ஆடி 18-ஆ? ஜூலை 31-ன்னா ஏன் ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் விழா எடுக்கிறாங்க? யாரோ தப்பா எழுதி வச்சுட்டாங்களா?

யாரும் தப்பா எழுதலை. இரண்டும் ஒரே நாள்தான். நம்ம தமிழ் வருஷம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்படுவது. ஆங்கில வருஷத்தைவிட அது ஒரு துளி நீளம். அந்தத் துளி சேர்ந்து சேர்ந்து, சுமார் அறுபது வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். இன்று ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும் ஆடிப்பெருக்கு, 200 வருஷத்துக்கு முன்னால் ஜூலை கடைசியிலேயே வந்துவிட்டது. 1805 ஜூலை 31 அன்று காவிரிக்கரையில் ஆடிப்பெருக்கு. அதே நாளில், ஆற்றுக்குக் கிழக்கே சங்ககிரிக் கோட்டையில் தூக்கு.

நாள் சண்டை இதோடு தீர்ந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வியை அந்தக் குரூப்களில் அதிகம் பேர் கேட்பதில்லை. அந்த மனிதரை எதற்காகக் கொன்றார்கள்? வெள்ளைக்காரனை எதிர்த்தார், அதனால் கொன்றார்கள் என்பது பாதி பதில்தான். மீதிப் பாதி நிலத்தில் இருக்கிறது.

காணியும் பட்டக்காரரும்

1756 ஏப்ரல் 17-இல் காங்கேயம் அருகே மேலப்பாளையத்தில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் தீர்த்தகிரி. பழையகோட்டைப் பட்டக்காரர் மரபில் வந்த குடும்பம். சர்க்கரை மன்றாடியார் என்ற பட்டம் அவர்களுடையது. (பிற்காலத்தில் காங்கேயம் மாட்டினத்தை வளர்த்துப் பேர் வாங்கியதும் இதே பழையகோட்டைக் குடும்பம்தான்.)

பட்டக்காரர் என்றால் வெறும் பணக்காரப் பண்ணையார் இல்லை. ஒரு வட்டாரத்துக்கு நியாயம் சொல்வது, காவலுக்கு ஆள் வைப்பது, மேலே இருக்கும் அரசுக்கு வரி வசூலித்துக் கட்டுவது, சண்டை வந்தால் ஆள் திரட்டுவது என எல்லாம் அந்தப் பொறுப்பில் அடக்கம். மதுரை நாயக்கர்கள் வந்தார்கள், மைசூர்க்காரர்கள் வந்தார்கள். மேலே ஆள் மாறினாலும் கீழே இந்த அடுக்கு பெரிதாக அசையவில்லை.

இன்னொரு சொல்லும் தெரிந்திருக்க வேண்டும். காணி. கொங்கு வேளாளரில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு காணி ஊர் உண்டு. அங்கேதான் அந்தக் கூட்டத்தின் குலதெய்வக் கோயில். பெங்களூரில் ஐடி வேலை பார்ப்பவரும் குழந்தைக்கு மொட்டை போட அந்த ஊருக்குத்தான் வந்து நிற்பார். காணி என்பது விற்று வாங்கும் சொத்து மட்டுமல்ல. நிலமும் தெய்வமும் முப்பாட்டனும் சேர்ந்த உரிமை. அந்த உரிமை எல்லாருக்கும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடணும். அதே வயலில் இறங்கி உழைத்த, ஏற்றத்துக்குத் தோல் பறி தைத்துக் கொடுத்த அருந்ததியர் மக்களுக்குக் காணி கிடையாது.

பெயர் வந்த கதை

தீர்த்தகிரி எப்படிச் சின்னமலை ஆனார் என்பதற்குக் கொங்கு நாட்டில் எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஹைதர் அலி காலம். கொங்கு ஊர்களில் வசூலித்த வரிப்பணம் சங்ககிரிக்குப் போய்க்கொண்டிருந்தது. இளைஞர் தீர்த்தகிரி வழியில் அதை மறித்துப் பிடுங்கி ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டார். கொண்டுபோன ஆட்கள் மேலிடத்துக்கு என்ன சொல்வது என்று தவித்தபோது, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டது என்று போய்ச் சொல்லும்படி அனுப்பி வைத்தார். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாம்.

இது வாய்வழியாக வந்த கதை. ஒவ்வொரு வரியையும் ஆவணம் மாதிரி எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் ஜனங்கள் தங்கள் நாயகனை முதல்முதலில் எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் பாருங்க. போர்க்களத்தில் இல்லை, வரி வண்டிக்கு முன்னால். அந்த வரி போகவேண்டிய இடம் சங்ககிரி. கதை தொடங்கும் ஊரும் முடியும் ஊரும் ஒன்றுதான்.

மைசூரின் வரியை மறித்தவர், பின்னால் மைசூரோடு கைகோத்தார். ஹைதருக்குப் பின் வந்த திப்பு சுல்தானுக்காகக் கொங்குப் படையோடு போய் நின்றார், மழவள்ளி, ஸ்ரீரங்கப்பட்டணம் போர்களில் கலந்துகொண்டார் என்று சொல்லப்படுகிறது. இதில் முரண்பாடு இருக்கிற மாதிரி தோணும். ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால் காரணம் பிடிபடும்.

அக்கரையில் ஏழு வருஷம்

1792-இல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்தது. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயின. காவிரிக்குக் கிழக்கே சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல், ராசிபுரம் எல்லாம் கம்பெனிச் சீமை. மேற்கே ஈரோடு, காங்கேயம், கோயம்புத்தூர் இன்னமும் திப்புவின் சீமை. 1799 வரை இதே நிலைமை. இன்று பள்ளிபாளையத்திலிருந்து பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. அந்த ஏழு வருஷமும் அந்த ஆறுதான் எல்லைக்கோடு.

கிழக்குக் கரையில் கம்பெனி ஒரு புது வேலையைத் தொடங்கியிருந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்பவர் திருப்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு, மூன்று உதவியாளர்களை வைத்து நிலம் நிலமாக அளக்க ஆரம்பித்தார். அந்த மூவரில் தர்மபுரிப் பக்கத்தைப் பார்த்தவர் தாமஸ் முன்ரோ. ஆமாம், சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் சிலையாக நிற்பவரேதான். சங்ககிரி, நாமக்கல் அடங்கிய தென்பகுதி வில்லியம் மக்லியோட் என்பவரிடம் இருந்தது.

அவர்கள் போட்ட ஏற்பாட்டின் சாரம் இதுதான். நடுவில் பட்டக்காரரோ பாளையக்காரரோ வேண்டாம். ஒவ்வொரு வயலையும் அளந்து, மண்ணின் தரம் பார்த்து, இவ்வளவு வரி என்று எழுதி, உழவனிடமே நேராக வசூல் பண்ணு. இதுதான் ரயத்துவாரி. மதராஸ் மாகாணத்தின் பெரும்பகுதியில் பின்னால் பரவிய அந்த முறை முளைவிட்டது சேலத்து மண்ணில். இன்று மொபைலில் சர்வே எண்ணைத் தட்டி பட்டா, சிட்டா பார்க்கிறோமே, அதற்கு மூதாதை ரீட் ஆட்கள் அன்று போட்ட அளவுதான்.

உழவனுக்கு நேரடி பட்டா என்றால் நல்லதுதானே என்று கேட்கலாம். காகிதத்தில் நல்லதுதான். ஆனால் மழை பெய்தாலும் பொய்த்தாலும் ரொக்கமாகக் கட்டணும். விகிதமோ அதிகம். ஆந்திரப் பக்கத்துக் கடப்பை, பெல்லாரிச் சீமையில் இதே முறையைக் கொண்டுபோன முன்ரோவே, 1807-இல் வரியைக் கால் பங்கு குறைக்கணும்னு மேலிடத்துக்கு எழுத வேண்டி வந்தது. மக்லியோட் இங்கிருந்து மலபார் கலெக்டராகப் போனார். அங்கே வரியை உயர்த்தினார், ஆயுதங்களைப் பிடுங்கினார். 1803-இல் மலபார் கொதித்தெழுந்தது. அவர் பதவியை விட்டு விலக வேண்டியதாயிற்று.

சேலத்தில் 1802-இல் இன்னொரு சோதனை. நிலங்களை மிட்டா மிட்டாவாக வெட்டி ஏலம் விட்டார்கள். எடுத்தவர் மிட்டாதார். தலைமுறை தலைமுறையாக உழுதவன் ஊர், ஏலத்தில் யாரோ ஒருவன் கைக்குப் போயிற்று. எடுத்தவர்களில் பலரால் பணம் கட்ட முடியவில்லை. வெகு சீக்கிரம் பல மிட்டாக்கள் திரும்பக் கம்பெனிக்கே வந்து சேர்ந்தன. இந்தப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் மிட்டா என்ற சொல் இன்றும் தட்டுப்படும்.

மேற்குக் கரையில் இருந்த பட்டக்காரருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்திருக்கும்? சம்பந்தம், சந்தை, கோயில் என்று இரு கரைக்கும் போக்குவரத்து நின்றதே இல்லை. மைசூர்க்காரன் வரி கேட்டான், ஆனால் காணியையும் பட்டத்தையும் தொடவில்லை. கம்பெனிக்காரன் வரியும் கேட்டான், பட்டத்தையே அழித்தான். சின்னமலை திப்பு பக்கம் சாய்ந்ததற்கு வீரம், நட்பு எல்லாம் காரணமாக இருக்கலாம். இந்தக் கணக்கும் இருந்திருக்கும்.

ஓடாநிலை

1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார். கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனி கைக்கு வந்தது. எல்லைக்கோடாக இருந்த காவிரி சும்மா ஆறாகிவிட்டது. அந்த அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள்.

சின்னமலை ஊர் திரும்பி, அரச்சலூர் அருகே ஓடாநிலையில் கோட்டை கட்டினார். ஆள் சேர்த்தார், ஆயுதம் செய்தார். தனியாக நின்று ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தெரியும். திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சி கோபால் நாயக்கர், கன்னடப் பக்கம் தூந்தாஜி வாக், மலபாரில் பழசி ராஜா என்று தென்னாடு முழுக்க ஒரு வலை பின்னப்பட்டுக்கொண்டிருந்தது. மதம், மொழி, சாதி எல்லாம் கலந்த கூட்டணி அது. அதில் கொங்குக் கண்ணி சின்னமலை. 1800 ஜூன் 3-இல் கோயம்புத்தூர்க் கோட்டையைப் பிடிப்பது திட்டம். முந்திக்கொண்டதில் குளறுபடியாகித் தோற்றது. பிடிபட்டவர்களைக் கம்பெனி தூக்கில் போட்டது. செப்டம்பரில் தூந்தாஜி வாக் போரில் இறந்தார். அடுத்த ஆண்டு கோபால் நாயக்கரும், அக்டோபரில் மருது சகோதரர்களும் தூக்குமேடை ஏறினார்கள். 1801 டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரர் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகள் இடிக்கப்படும்.

இவ்வளவுக்குப் பிறகும் சின்னமலை நின்றார். 1801-இல் காவிரிக்கரை, 1802-இல் ஓடாநிலை, 1804-இல் அரச்சலூர் என்று மூன்று சண்டைகளில் அவர் பக்கம் வெற்றி என்கிறது பாடப்புத்தகம். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்ட பிறகு நாலு வருஷம் தாக்குப்பிடித்ததுதான் இதில் அசாத்தியமான விஷயம். ஊர் சோறு போடாமல், ஊர் வாய் மூடாமல், அது நடக்காது.

அந்த ஊர் யார்? இங்கேதான் பொல்லான் வருகிறார். அருந்ததியர் சமூகத்து வீரர், சின்னமலைக்கு ஒற்றர். கம்பெனிப் படை எப்போது எந்தப் பக்கம் கிளம்புகிறது என்ற சேதியைச் செருப்புக்குள் வைத்துத் தைத்து அனுப்பினார் என்பது மக்கள் நினைவு. செருப்பு தைப்பவனைச் சோதனை போட யாருக்குத் தோணும்? தீண்டாமையையே ஒரு மறைவிடமாக மாற்றிய தந்திரம் அது. பெரிய பீரங்கிப் படை ஓடாநிலையைச் சூழ்ந்தபோது கோட்டை காலியாக இருந்தது. சேதி முன்னாலேயே போய்விட்டது. எப்படிப் போனது என்று துருவியபோது செருப்பு மாட்டிக்கொண்டது. நல்லமங்காபாளையத்தில் பொல்லானைச் சுட்டுக் கொன்றார்கள். அது ஓர் ஆடி 1 என்கிறார்கள். காணி இல்லாதவர் உயிரைக் கொடுத்தது காணி உள்ளவரைக் காப்பாற்ற.

கோட்டையைக் கம்பெனி தரைமட்டமாக்கியது. இன்று ஓடாநிலையில் மணிமண்டபம்தான் உண்டு.

சமையல்காரன் மட்டும்தான் காரணமா?

ஓடாநிலையிலிருந்து தப்பி, பழனி மலைப்பக்கம் கருமலையில் மறைந்திருந்தபோது சமையல்காரன் நல்லப்பன் காட்டிக்கொடுத்தான், சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் வளைத்துப் பிடித்தார்கள் என்று கதை போகும். நடந்திருக்கலாம். ஆனால் நம்ம ஊர் வீரர் கதை எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு துரோகி வந்து நிற்பார் என்பதைக் கவனிக்கணும். துரோகி ஒருத்தன் கிடைத்துவிட்டால் மற்றதை யோசிக்க வேண்டியதில்லை. ஆயுதத்துக்குத் தடை, இடிந்த கோட்டைகள், தூக்கில் தொங்கிய கூட்டாளிகள், அளந்து பட்டா எழுதப்பட்ட வயல்கள், வரி கட்டினால் நிம்மதி என்று அலுத்துப்போன ஊர்கள். இவ்வளவும் சேர்ந்து அவர் காலடி நிலத்தை முன்னாலேயே அரித்துவிட்டிருந்தன. நல்லப்பன் இல்லாவிட்டால் இன்னொருவன்.

சரி, கருமலையில் பிடித்தவரை ஏன் சங்ககிரிக்குக் கொண்டுபோனார்கள்? கருமலையிலிருந்து சங்ககிரி நல்ல தூரம். நடுவில் காவிரி வேறு. அவருடைய ஆட்கள் இருப்பது மேற்குக் கரையில், கம்பெனி காலூன்றி 13 வருஷம் ஆகியிருந்தது கிழக்குக் கரையில். பாதுகாப்பு ஒரு காரணம். விசாரணை என்ற பெயரில் ஏதோ நடத்தி, சின்னமலையையும் சகோதரர்கள் பெரியதம்பி, கிலேதாரையும், தளபதி கருப்ப சேர்வையையும் தூக்கிலிட்டார்கள்.

இடம், நாள் இரண்டும் இன்னொன்றையும் சொல்கின்றன. சுற்றியுள்ள சமவெளி முழுக்க எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் மலை அது. தலைமுறைகளாக வரி போய்ச் சேர்ந்த கோட்டை. ஊர் ஜனம் முழுக்க ஆற்றங்கரையில் கூடி நிற்கும் ஆடிப்பெருக்கு. கட்டபொம்மனுக்குக் கயத்தாறு, மருதுவுக்குத் திருப்பத்தூர் என அவரவர் ஜனங்கள் பார்க்கத்தான் கம்பெனி தூக்குமரம் நட்டது. கொல்வதைவிட, கொன்றதைக் காட்டுவது முக்கியமாக இருந்தது. இது இந்தியாவுக்கு மட்டுமான புத்தியும் இல்லை. 1781-இல் பெரு நாட்டில் ஸ்பானிய ஆட்சியின் வரிக்கும் கட்டாய உழைப்புக்கும் எதிராக ஆண்டிஸ் மலைமக்களைத் திரட்டிய இரண்டாம் துபாக் அமாருவை, இன்கா அரசின் பழைய தலைநகரான குஸ்கோவின் நடுச்சதுக்கத்தில், மனைவியையும் மகனையும் கொன்ற பிறகு கொன்றார்கள்.

1805 அதோடு முடியவில்லை. நவம்பர் 15-இல் வயநாட்டுப் பனமரத்தில் தலக்கல் சந்து கொல்லப்பட்டார். குறிச்சியர் என்ற பழங்குடியின் தலைவர், பழசி ராஜாவின் வில்படைத் தளபதி. அடுத்த 15-ஆம் நாள் பழசி ராஜாவும் வீழ்ந்தார். 1800-இல் கோயம்புத்தூரைக் குறிவைத்த கூட்டணியில் மிஞ்சியிருந்தவர்களும் ஆறு மாதத்துக்குள் அழிக்கப்பட்டார்கள்.

சமவெளி அடங்கியதும்

சின்னமலை பழங்குடித் தலைவர் அல்ல. ஆதிக்கம் உள்ள உழவர் சமூகத்துப் பட்டக்காரர். ஆனால் அவரைக் கொன்று நிலைநிறுத்திய அதே ஏற்பாடு, சமவெளியை முடித்த கையோடு மலை ஏறியது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காபி நட்டார். பின்னாலேயே வெள்ளைக்காரத் தோட்டங்கள் வந்தன. சேர்வராயன் மலையில் காலங்காலமாகச் சாமையும் கேழ்வரகும் விளைத்த மலையாளிப் பழங்குடிகள், அதே மண்ணில் கூலிக்காரர் ஆனார்கள். 1882-இல் மதராஸ் வனச்சட்டம் வந்தது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போன காட்டில் அனுமதிச் சீட்டு கேட்டார்கள். அளந்தவன் கையில் பட்டா இருக்கும், வாழ்ந்தவன் கையில் ஒன்றும் இருக்காது. கொல்லிமலையிலும் கல்வராயனிலும் 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதிக்கொண்டு இன்றும் வரிசையில் நிற்பவர்களின் கதை இங்கிருந்து வருவதுதான்.

சின்னமலைக்கு இப்போது குறை ஒன்றும் இல்லை. கிண்டியில் சிலை. (பக்கத்து மெட்ரோ நிலையத்தின் சின்னமலை வேறு. அது புனித தோமையாரின் குன்று.) 2005 ஜூலை 31-இல் தபால்தலை. ஒரு காலத்தில் திருச்சிப் பக்கத்து அரசு பஸ்களிலெல்லாம் அவர் பெயர்தான். கார் கண்ணாடி ஸ்டிக்கரில் வாளோடு பாய்கிறார். ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சமூகம். திப்புவும், பழசியும், கோபால் நாயக்கரும், கருப்ப சேர்வையும் அந்தக் கண்ணாடியில் இடம் பிடிக்கவில்லை.

பொல்லானுக்கு நினைவு மண்டபம் வேண்டும் என்று அருந்ததியர் அமைப்புகள் நெடுநாள் கேட்டு வந்தன. ஓடாநிலைக்கு அருகே ஜெயராமபுரத்தில் மண்டபம் அமைக்கப்படும் என்று பிறகு அரசு அறிவித்தது. அவர் நாள் ஆடி 1. சின்னமலை நாளுக்குப் பதினேழு நாள் முன்னால். ஆடி 18-இல் பள்ளிபாளையத்திலும் பவானியிலும் முளைப்பாரி ஆற்றில் மிதக்கும், புதுப்பெண்கள் தாலிக்கயிறு மாற்றுவார்கள், சங்ககிரிக்குக் கொடி கட்டின வண்டிகள் வரிசையாகப் போகும். ஆடி 1-இல் நல்லமங்காபாளையத்துக்குப் போகிற வண்டிகள் இன்னமும் குறைவுதான்.